சல்லடை மேளக் கூட்டமும் உன் அப்பாவின் காதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருப்பதை இன்னொரு தரம் படித்துக்கொள். உன் அத்தை உனக்குப் போன் போட்டு, அண்ணனுக்குச் சுத்தமாகக் காது போய்விட்டது, நாலு பேர் நடுவில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்துவிட்டார் என்று ஒப்பாரி வைத்தாளாம், நீயும் அதைக் கேட்டுவிட்டு, காதுக்கு மெஷின் அனுப்புகிறேன், அப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போனில் விசும்பினாய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் போனில் உனக்கு விவரம் சொல்ல முடியவில்லை. உன் அப்பாவுக்குப் பாம்புச் செவி. சமையலறையில் நான் பாத்திரத்தோடு பேசிக்கொள்வதுகூட வாசல்வரை அவருக்குக் கேட்கும். காது போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னவள் நான்தான். ஏன் சொன்னேன் என்று எழுதுகிறேன். இன்றைக்குக் கடையில் வேலை இல்லை, தையல் மெஷினின் பெல்ட் அறுந்து கிடக்கிறது, அதை மாற்றுகிறவன் இதோ வருகிறேன் என்றவன் இன்னும் வந்தபாடில்லை, அதனால் சாவகாசமாகவே எழுதலாம்.

அப்பா ரிட்டையர் ஆனபின் ஒரு மேளக் கூட்டத்தில் சேர்ந்தார் என்று உனக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட கூட்டம் என்று உனக்குத் தெரியாது. ஒரு மர வளையம், அதில் ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டியிருக்கும், மறுபக்கம் திறந்து கிடக்கும். அவர்கள் அதை வட்ட மேளம் என்கிறார்கள், நான் சல்லடை என்கிறேன். இதை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு விரலால் தட்டுவார்கள். இதை நடத்துகிறவன் முன்பு இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்த ஆள். எதற்கெடுத்தாலும் வட்டம் வட்டம் என்பதால் நான் அவனுக்கு வட்டம் என்றே பெயர் வைத்துவிட்டேன், இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. "நம்ம வட்டத்துல தலைவர்னு யாரும் கிடையாதுங்க, எல்லாரும் சமம்" என்பான். ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் அவனைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாலிசி விற்றபோது இருந்த அதே சிரிப்பை மேளத்துக்கும் எடுத்து வந்துவிட்டான், நாம் என்றைக்குச் சாவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு.

இசையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். யார் கேட்டார்கள் இவர்களைப் பகிரச் சொல்லி? கேட்கிறவர்கள் எழுந்து ஓட முடியாத இடமாகப் பார்த்துத்தான் போவார்கள். முதியோர் இல்லத்தில் வாசித்தார்கள், பாதிப் பேர் சக்கர நாற்காலியில் இருந்தார்கள். ரத்ததான முகாமில் வாசித்தார்கள், கையில் ஊசி குத்திப் படுத்திருந்தவர்கள் என்ன செய்ய முடியும், கூரையைப் பார்த்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். ஒரு டயர் கடை திறப்புக்குப் போனார்கள், அங்கே டயருக்குக் காற்றடிக்கிற மெஷின் இவர்களைவிட நன்றாகத் தாளம் போட்டது. நான் இதைச் சொன்னபோது உன் அப்பா சிரித்தார். அதுதான் எனக்கு ஆத்திரம். மேளத்தைத் திட்டினாலும் சிரிப்பார், அவரைத் திட்டினாலும் சிரிப்பார்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிநீர் வாரியத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே வாழ்க்கையைத் தேய்த்தவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வந்தவன், சாக்கடை கலந்து வருகிறது என்று வந்தவள், எல்லாரும் அந்த ஜன்னல் ஓட்டை வழியாக அவரைத்தான் ஏசிவிட்டுப் போவார்கள், இவர் "சரிங்க, பாக்கறோங்க, சரிங்க" என்று தலையாட்டுவார். வீட்டுக்கு வந்தாலும் அதே சரிதான். உன் அத்தை தன் பழைய பீரோவை நம் தலையில் கட்டியபோது சரி. எதிர்வீட்டுக்காரன் நம் வாசலில் வண்டியை நிறுத்தியபோது சரி. எனக்குக் கோபம் வந்து, உங்களுக்கு வேறு வார்த்தையே தெரியாதா என்று கத்தினால், அதற்கும் சரி. அப்படிப்பட்டவர் மேளம் பழகினால் அவருக்கு எதைக் கொடுப்பார்கள்? மற்றவர்கள் விரலை ஓடவிட்டு வேடிக்கை காட்டுவார்கள், இவருக்கு மட்டும் அடித்தாளம். தும், தும், தக. தும், தும், தக. ஆரம்பித்ததிலிருந்து முடிகிறவரை அதே. மாவு மெஷின்கூட நடுவில் சத்தம் மாறும். இருந்தாலும் வாரம் தவறாமல் போனார். ஏன் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, "அங்க யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கறதில்ல" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் கடையில் மிஞ்சிய தடித்துணியில், உள்ளே பஞ்சு வைத்து, அந்தச் சல்லடைக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தேன். மேளத்தின்மேல் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது, தைத்தால் ஒழுங்காகத் தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் பழகியது நூலகத்துக்குப் பின்னால் இருந்த பொதுக்கூடத்தில். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓவியம் வரையப் போவாயே, சுவரெல்லாம் ஊதா வண்ணம் அப்பிவிட்டு வந்தாயே, அதே கூடம். காலையில் வயதானவர்கள் கை காலை நீட்டி மடக்குவார்கள், பகலில் கைக்குழந்தைக்காரிகள் உட்கார்ந்து பேசுவார்கள், சாயங்காலம் இவர்கள். திடீரென்று ஒருநாள், கவுன்சிலர் அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டப்போகிறார், கூடத்தை இடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரில் நாலு பேர் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனார்கள். அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா, அடிக்கல் நாட்டுகிற அன்றைக்கு வரவேற்புக்கு வட்ட மேளம் வாசிக்க முடியுமா என்று கவுன்சிலர் ஆபீசிலிருந்து கேட்டார்கள், வட்டம் வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டுவிட்டான். புதுக் கட்டடத்தில் இவர்களுக்கு ஒரு அறை ஒதுக்குவதாகக் கவுன்சிலர் வாய்ச்சொல் கொடுத்தாராம். கூட்டத்தில் மருந்துக்கடைக்காரம்மா ஒருத்திதான், "நம்ம எடத்த இடிக்கறதுக்கு நாமளே போய் மேளம் தட்டறதா சார்?" என்று கேட்டாளாம். அதற்கு வட்டம், "இசைக்கு அரசியல் கிடையாதும்மா, வட்டத்துல சண்டை கூடாது" என்றானாம். மற்றவர்கள் குனிந்து தங்கள் மேளத்தைத் துடைத்துக்கொண்டார்களாம். உன் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். சரி என்றாராம்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது நான் பேசிய பேச்சை உனக்கு எழுத முடியாது. உங்களுக்கு முதுகில் எலும்பு இருக்கிறதா இல்லை அதையும் வாரியத்திலேயே விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். நாளைக்கு நம் வீட்டை இடிக்க வந்தாலும் வாசலில் உட்கார்ந்து தும் தும் தக என்று தட்டுவீர்களா என்று கேட்டேன். "சரி, விடு" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அப்புறமும் அவர் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன், என் கெட்ட நேரம். வட்டம் வேறு எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் கோட்டு போட வேண்டும் என்று எங்கேயோ மொத்தமாக வாங்கி வந்திருந்தான், தோள் தையல் தோளுக்கு வெளியே தொங்கியது, அதை மாட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தால் மேளம் அடிக்க வந்தவர்கள் மாதிரி இல்லை, ரோடு போட வந்தவர்கள் மாதிரி இருந்தது.

விழாவுக்கு நானும் போனேன். பார்த்துச் சிரிக்கத்தான் போனேன், மறைப்பானேன். கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். கூடத்து ஜன்னல் கண்ணாடியை முன்கூட்டியே கழற்றி எடுத்துவிட்டார்கள், வெறும் சட்டம்தான், உள்ளே எல்லாம் தெரிந்தது. இவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் வந்தார், கை கூப்பினார், உட்கார்ந்தார், யாரோ ஒருவர் எழுந்து அவரைப் புகழ்ந்தார், பிறகு கவுன்சிலர் மைக்குக்கு வந்தார். வட்டம் கையைத் தூக்கி மடக்கினான், நிறுத்து என்று அர்த்தம். எல்லாரும் நிறுத்தினார்கள். ஒரு மேளம் மட்டும் நிற்கவில்லை.

தும், தும், தக. தும், தும், தக. நான் யாரோ என்று நினைத்து எட்டிப் பார்த்தேன், பாப்பா. உன் அப்பா. மடியில் மேளத்தை நிறுத்தி, இடது கையால் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியில்லாத ஜன்னலைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமெல்லாம் ஒன்றும் கிடையாது. புகார் ஜன்னலில் உட்கார்ந்திருப்பாரே, அதே முகம். கவுன்சிலர் "அன்பார்ந்த பெரியோர்களே" என்று ஆரம்பித்து, நிறுத்தி, சிரித்து, மறுபடி ஆரம்பித்தார். தும், தும், தக. வட்டம் குனிந்து "சார், போதும் சார், போதும்" என்று காதோரம் சொன்னான். தும், தும், தக. சிரிப்பு மெதுவாகக் கவுன்சிலர் முகத்திலிருந்து இறங்கியது. அப்போது அந்த மருந்துக்கடைக்காரம்மா தன் மேளத்தை எடுத்து மடியில் நிறுத்தினாள். அவளும் அவர் தட்டியதையே தட்டினாள், ஒரு விரல்கூட அதிகமாக ஓட்டவில்லை. பின்வரிசையில் கைக்குழந்தைக்காரிகளில் ஒருத்தி நாற்காலிக் கையில் தட்டினாள். கவுன்சிலர் வாய் அசைந்தது, பேச்சு ஒன்றும் எட்டவில்லை.

வட்டம் ஒயரையெல்லாம் தாண்டிக் குதித்து என்னிடம் ஓடி வந்தான். மஞ்சள் கோட்டு அக்குளில் நனைந்திருந்தது. "அம்மா, நீங்க வந்து சொல்லுங்கம்மா, மானம் போவுது. சாருக்கு என்னாச்சு? எப்பவுமே கொஞ்சம் மந்தம்தான், இப்பக் காதும் கேக்கலியா?" என்றான். மந்தம் என்ற அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உன் அப்பாவை மட்டமாகப் பேச இந்த உலகத்தில் ஒரு ஆள் போதும், அது நான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "ஆமா, அவருக்குச் சுத்தமாக் காது கேக்காது. நான் சொன்னாலும் கேக்காது. தானா நிறுத்துனாத்தான் உண்டு" என்று உரக்கச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். அவன் மேடைக்கு ஓடிப்போய் அங்கேயும் அதையே சொன்னான். காது கேட்காத பெரியவரை நாலு பேர் பார்க்க எப்படித் தூக்கி வெளியே போடுவது? கவுன்சிலர் பேசாமலே கல்லை வைத்து, போட்டோவுக்கு நின்றுவிட்டு வண்டி ஏறினார். வண்டி திரும்பியபின்தான் உன் அப்பா கையை எடுத்தார்.

நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். அவர் மஞ்சள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கூட வந்தார். நம் தெருமுனைக்கு வந்ததும் நின்று, "எனக்குக் காது கேக்காதுன்னா சொன்ன?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாம் நல்லாக் கேட்டுச்சு. அவன் நிறுத்தச் சொன்னதும் கேட்டுச்சு. வேணும்னுதான் அடிச்சேன். அத யாருக்கும் தெரியாமப் பண்ணிட்டியே" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. என் வாய் அடைத்தது என்று நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

கூடத்தை இடித்துவிட்டார்கள், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே மண் அள்ளும் வண்டி வந்தது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை அதோடு முடிந்திருக்கும். ஒருநாள் மத்தியானம் வட்டம் நம் வீட்டுக்கு வந்தான், கூடவே சிபாரிசுக்கு உன் அத்தை. அவளுக்கும் அந்த வளாகத்தில் ஒரு கடை வேண்டுமாம், அது இப்போதுதான் எனக்குத் தெரியும். கவுன்சிலர் பெரிய மனசுக்காரராம், கோபமெல்லாம் இல்லையாம், அப்பா அவர் ஆபீசுக்கு ஒரு நடை வந்து, காது கேட்காததால் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் மேளக் கூட்டத்துக்கு அறை உறுதியாம். "நம்ம வட்டத்துக்காக சார், உங்களுக்காக இல்ல" என்று வட்டம் குழைந்தான். "என்னண்ணே பெரிசா கேட்டுட்டாங்க, ஒரு வார்த்தைதானே" என்றாள் உன் அத்தை. நான் டீயை நீட்டிக்கொண்டு நின்றேன், அந்தச் சரி இப்போது வரும், இதோ வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உன் அப்பா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "எனக்குக் காது நல்லாக் கேக்கும். மாட்டேன்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, நீ குடிக்கத் தண்ணீர் கேட்டால் எடுத்து வருகிறேன் என்று சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார். உன் அத்தை அண்ணே, அண்ணே என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் மறுபடியும் மாட்டேன் என்றார். வட்டத்துக்கு முகத்திலிருந்த சிரிப்பெல்லாம் கழன்றுவிட்டது, உள்ளே இருந்த ஏஜெண்ட் வெளியே வந்துவிட்டான். அப்படியானால் மேளம் கூட்டத்தின் சொத்து, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான். எல்லாரும் சமமான வட்டம்தானே, அதுதான். உன் அப்பா எழுந்து உள்ளே போய்ப் பையோடு எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது தோலின் மேல் ஒரு தரம் கையை வைத்து எடுத்ததை நான் பார்த்தேன். அது எனக்குத் தாங்கவில்லை. வட்டம் படியில் கால் வைத்ததும், "நில்லுங்க. மேளம் உங்களுது, பை என்னுது. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றேன். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தோல் மேளம் நனைந்தால் தொய்ந்துவிடும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான். "அம்மா, மழையா இருக்கே" என்றான். ஆமாம், மழையாகத்தான் இருக்கிறது என்றேன். கழற்றிக் கொடுத்துவிட்டு, மேளத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி தெருவில் ஓடினான். வாசலில் நின்று அவன் மூலை திரும்புகிறவரை பார்த்தேன். உன் அத்தை குடை இருந்தும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அதையும் குறித்துக்கொள். காது நன்றாகக் கேட்கும் என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டுப் போனபிறகுதான் உனக்கு அப்படிப் போன் போட்டிருக்கிறாள்.

அந்தக் கூட்டத்துக்கு இன்னும் அறை வரவில்லை, வரவும் வராது. மருந்துக்கடைக்காரம்மா கூட்டத்தை விட்டு விலகிவிட்டாள். சில நாள் இரவில் கடையை மூடியபின் நம் வீட்டுக்கு வந்து அப்பாவோடு உட்கார்ந்து, அவள் சொந்த மேளத்தை இருவரும் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே, சகிக்கவில்லை. வட்டம் போனதால் மட்டும் தாளம் வந்துவிடுமா என்ன.

ஆகவே நீ காது மெஷின் ஒன்றும் அனுப்ப வேண்டாம், அப்பாவை அழைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். கேட்டுப் பார்த்தேன், மாட்டேன் என்கிறார். அதுதான் இப்போது வீட்டில் எனக்குப் புதுத் தலைவலி. அந்த வார்த்தையின் ருசி அவருக்குத் தெரிந்துவிட்டது. உன் அத்தையின் பீரோவை அவளே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டார். அது வரைக்கும் நல்லதுதான். என்னிடமும் ஆரம்பித்துவிட்டார். நேற்று முடி வெட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன், மாட்டேன் என்றார். ஏன் என்றேன், இப்படியே இருக்கட்டும் என்றார். சண்டைக்கு நின்றால் அவரும் நிற்கிறார். இத்தனை காலம் என்னோடு குடித்தனம் பண்ணிய மனுஷர் எங்கே போனார் என்று தெரியவில்லை, இந்த ஆளோடு முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று முடியை ஒதுக்கிக்கொள்கிறார், பார்க்க அப்படி ஒன்றும் மோசமில்லை.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை, குழந்தைக்குக் காலுறை இல்லாமல் தரையில் விடாதே. அவளுக்குக் கவுன் தைத்து அனுப்புகிறேன், கழுத்தளவை அளந்து அனுப்பு, குத்துமதிப்பாகச் சொல்லாதே. அத்தை மறுபடி போன் பண்ணினால் எடுக்காதே, எடுத்தாலும் நான் எழுதியதைச் சொல்லாதே, சொன்னாலும் பரவாயில்லை. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலை குனியாமல், குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். கீழே ஒரு வரி எழுதுங்கள் என்று கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு
உன் அம்மா